ஒரே கூரையின் கீழ் பீர் ஆலையும் பள்ளியும்: நகரக் கட்டட வடிவமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றிலும் வீடுகளும் கடைகளும் இருக்கும் ஒரு நகர மனையில், சிறிய அளவில் பீர் காய்ச்சும் ஆலையையும் அந்தத் தொழிலைக் கற்றுத்தரும் பள்ளியையும் சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகள் எல்லாம் ஒரு தடவைக்கு 2,000 லிட்டர் காய்ச்சும் ஆலையை மனத்தில் வைத்துப் போட்டவை. உங்கள் ஆலை அதில் பாதி என்றால் எண்களையும் ஏறக்குறையப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆலையையும் பள்ளியையும் தனித்தனியாகக் கட்டினால் வேலை சுலபம் அல்லவா? ஏன் ஒன்றாக வைக்க வேண்டும்?

சுலபம்தான். ஆனால் பீர் காய்ச்சுவதைப் பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் ஊறவைக்கும்போது சூடு 65 டிகிரியில் நின்றால் ஒரு விதமான சாறு, 70க்கு ஏறினால் இன்னொரு விதமான சாறு. முதலாவதில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம். இரண்டாவதில் குறைவு, அதனால் பீர் கனமாக நாக்கில் தங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்த மாணவனுக்கு அதை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் ஆலையும் ஆய்வகமும் அடுத்தடுத்து இருந்தபோதுதான் பெரிய விஷயங்கள் நடந்திருக்கின்றன. கோபன்ஹேகனில் ஜே. சி. ஜேக்கப்சன் தன் கார்ல்ஸ்பெர்க் ஆலைக்காக 1875இல் ஓர் ஆய்வகம் தொடங்கினார். அங்கேதான் 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். அங்கேதான் 1909இல் சோரன்சன், அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பிஹெச் அளவுகோலை வகுத்தார். இன்று பள்ளி மாணவர்கள் வேதியியல் வகுப்பில் படிக்கும் பிஹெச், பீர் ஆலையோடு ஒட்டிப் பிறந்தது. பெர்லினில் பீர் காய்ச்சுவதற்கான ஆய்வுக்கும் பயிற்சிக்கும் என்றே வி.எல்.பி. என்ற நிறுவனம் தோன்றியதும் அதே 1883இல்தான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் பீர் ஆலையும் உணவு அறிவியல் ஆய்வகமும் கொண்ட கட்டடம் 2010இல் திறக்கப்பட்டது. பாடமும் உற்பத்தியும் ஒரே இடத்தில் என்ற எண்ணம் பழையது, சோதித்துப் பார்க்கப்பட்டது. அதை நகர நடுவில் செய்யும்போதுதான் கட்டடக் கலைஞருக்கு வேலை கூடுகிறது.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

தரையிலிருந்து. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் கையில் ஏற்கெனவே முகப்பின் படம் இருக்கும்: உயரமான கண்ணாடி, உள்ளே பளபளக்கும் தொட்டிகள். அந்தப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு வடிகால் வரைபடத்தைக் கேளுங்கள்.

பீர் ஆலையில் வேலையின் பெரும்பகுதி கழுவுவது. ஒரு நாளில் அந்தத் தரையில் கொதிநிலையை நெருங்கிய தண்ணீர் விழும். 70, 80 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடாக் கரைசல் விழும். அமிலம் விழும். சர்க்கரைச் சாறும் ஈஸ்ட் வண்டலும் விழும். வெறும் கான்கிரீட் இதைத் தாங்காது. சில ஆண்டுகளில் மேற்பரப்பு அரித்து ஜல்லி வெளியே தெரியும். சாதாரண எபாக்சி பூச்சு பார்க்க அழகாக இருந்தாலும் வெந்நீர் பட்டுப் பட்டு இளகி உரிந்துவிடுகிறது. பாலியூரிதேன் சிமென்ட் பூச்சை 6 முதல் 9 மில்லிமீட்டர் கனத்தில் போடுவது அல்லது அமிலம் தாங்கும் ஓடுகளை எபாக்சி இணைப்புடன் பதிப்பது, இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது குறையுங்கள். தரையை மறுபடி போட வேண்டுமானால் ஆலையையே நிறுத்தித் தொட்டிகளை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வாட்டம். ஒரு மீட்டருக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும். கூடினால் ஆள் வழுக்குவான், தள்ளுவண்டி தானாக ஓடும். வடிகால் வாய்க்கால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், தொட்டிகளின் வால்வுகளுக்கு நேர் கீழே, ஆள் நடக்கும் வழிக்கு வெளியே போக வேண்டும். தரையும் சுவரும் சேரும் இடத்தைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூசுங்கள், அப்போதுதான் அழுக்கு ஒட்டாது.

பூச்சு வேலை தொடங்கும் முன் ஒரு காலைப்பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நின்று பாருங்கள். முதலில் அகலமாகப் பரவும், பிறகு ஓரங்கள் சுருங்கி ஒரு நாக்குபோல வாய்க்காலை நோக்கி நகரும். பத்து நிமிடம் கழித்து எங்கெல்லாம் கையகலப் பளபளப்பு மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ரசமட்டம் காட்டாததைத் தண்ணீர் காட்டிவிடும். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் இதைச் செய்யவில்லை. வடிகாலைவிடத் தொட்டியின் அடி தாழ்ந்திருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொரு நாளும் ரப்பர் துடைப்பத்தால் தண்ணீரை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தொட்டிகளின் எடையை மாடித் தளம் தாங்குமா?

அலுவலகத்துக்காகக் கட்டிய தளம் சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிலோ தாங்கும்படி கணக்கிடப்பட்டிருக்கும். சாற்றில் ஈஸ்ட் போட்டு நொதிக்கவைக்கும் தொட்டியான நொதிகலன், 2,000 லிட்டர் அளவில், நிரம்பிய நிலையில் ஏறக்குறைய இரண்டரை டன். அது நிற்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர். அந்த எடையும் சமமாகப் பரவுவதில்லை. நான்கு கால்கள் வழியாக, ஒவ்வொன்றிலும் 600 கிலோவுக்கு மேல், உள்ளங்கை அகலத் தகட்டில் இறங்குகிறது. ஆகவே தொட்டிகளைத் தரைத்தளத்தில் வையுங்கள். மாடியில்தான் வைக்க வேண்டுமென்றால் உத்தரங்களையும் தூண்களையும் அதற்கென்றே வடிவமைக்க வேண்டும்.

நிரம்பிய தொட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து மதிப்பிட்டால் என்னாகும் என்பதற்கு 1814 அக்டோபர் 17 சாட்சி. லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலைப் பகுதியிலிருந்த ஒரு பீர் ஆலையில், ஆறரை மீட்டருக்கும் மேல் உயரமான மரத்தொட்டியின் இரும்பு வளையம் ஒன்று கழன்றது. சிறிது நேரத்தில் தொட்டியே வெடித்தது. அது மற்ற தொட்டிகளையும் உடைக்க, ஆலையின் செங்கல் சுவர் சரிந்து, பக்கத்துக் குடியிருப்புக்குள் பீர் வெள்ளமாகப் பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். இன்றைய ஸ்டீல் தொட்டிகள் அப்படி வெடிப்பதில்லை. ஆனால் ஒரு வால்வை மூட மறந்தால் இரண்டாயிரம் லிட்டரும் தரைக்கு வரும். அது வாசல்படியைத் தாண்டித் தெருவுக்கோ வகுப்பறைக்கோ போகாதபடி ஆலையின் தரைமட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள்.

மனை சிறியது. மேல்நோக்கித்தான் கட்ட முடியும். பல மாடிகளில் ஆலை அமைக்கலாமா?

அமைக்கலாம், அதற்கு அருமையான முன்னோடிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோபுர ஆலைகளில் தானியத்தை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து அரைவை, ஊறல், கொதிப்பு, குளிர்விப்பு, நொதிப்பு என்று ஒவ்வொரு தளமாகப் புவியீர்ப்பே இறக்கிக்கொண்டுவரும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷையரில் உள்ள ஹூக் நார்ட்டன் ஆலையின் கோபுரம் இப்படிப்பட்டது. வில்லியம் பிராட்ஃபோர்டு வடிவமைத்தது. பம்ப்கள் மலிவான பிறகு இந்த முறை அருகிப்போனது. ஆனால் பயிற்சிக் கட்டடத்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்வேன். மாணவன் படியிறங்கும் வரிசையும் பீர் உருவாகும் வரிசையும் ஒன்றாக இருப்பதைவிடத் தெளிவான பாடத்திட்டம் எனக்குத் தெரியவில்லை.

முழுக் கோபுரம் முடியாவிட்டால் அரைவையை மட்டும் மேலே வைத்து, மாவு குழாய் வழியாகக் கீழே ஊறல் தொட்டியில் விழும்படி செய்யலாம். நொதிகலன்கள் தரைத்தளத்திலேயே இருக்கட்டும்.

பழைய கட்டடத்தை மாற்றியமைப்பவர்கள் டப்ளினின் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸைப் பார்க்க வேண்டும். 1904இல் நொதிப்பு ஆலையாக உருக்குச் சட்டகத்தில் கட்டப்பட்டு, 1988 வரை அதே வேலையைச் செய்து, 2000இல் பார்வையாளர் மையமாகத் திறக்கப்பட்டது. தொட்டிகளின் பாரத்துக்காகப் போட்ட உருக்கு உத்தரங்கள் பின்னாளில் கூட்டத்தின் பாரத்தை எளிதாகத் தாங்கின. வகுப்பறைக்காகக் கட்டியதை ஆலையாக்குவது இதற்கு நேர் எதிரான வேலை, அதில் கணக்கு அப்படி நம் பக்கம் இருக்காது.

மாணவர்கள் எங்கே நிற்க வேண்டும்?

மூன்று இடங்கள் வேண்டும். ஆலைக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால், பொதுமக்களும் புதியவர்களும் நிற்கும் இடம். உள்ளே, தொட்டிகளின் வாய்மட்டத்துக்கு உயர்த்திய மேடை. கொதிக்கும் தொட்டிக்குள் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போடும்போது நுரை எப்படிப் பொங்குகிறது என்பதை மேலிருந்துதான் பார்க்க முடியும். மூன்றாவது தரையிலேயே, வால்வின் பக்கத்தில், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் காலணியும் அணிந்த நாலைந்து பேருக்கு மட்டும்.

பெரும்பாலான வரைபடங்களில் முதல் இடம் மட்டுமே இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையாக நின்று, மூடிய ஸ்டீல் உருளைகளைப் பார்க்கிறார்கள். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. காட்சிக்கு வைத்தது பாத்திரத்தை மட்டும்தான். நடப்பதைக் காட்ட வேண்டுமென்றால் குழாய்ப் பாதையில் கண்ணாடித் துண்டுகளைச் சேருங்கள். கலங்கிய சாறு மெல்ல மெல்லத் தெளிந்து, தேன்நிறத்துக்கு வருவதை அதில் பார்க்கலாம்.

நொதிகலனிலிருந்து வாயு வெளியேறும் குழாயை வழக்கமாகத் தரையில் கிடக்கும் ஒரு தண்ணீர் வாளிக்குள் விட்டுவிடுவார்கள். அதை ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, பார்வையாளர் கண்ணாடியை ஒட்டிக் கண்மட்டத்தில் வையுங்கள். ஈஸ்ட் போட்ட மாலை அதில் ஒன்றும் இருக்காது. மறுநாள் காலை ஒரு குமிழி; எண்ணிப் பத்து வரும்வரை அமைதி; பிறகு இன்னொன்று. இரண்டாம் நாள் எண்ணவே முடியாது, குடுவை குபுகுபுவென்று கொதிப்பதுபோல இருக்கும், தண்ணீர் பழுப்பேறி விளிம்பில் நுரை கட்டும். நாலைந்து நாளில் மறுபடி அடங்கும். கடந்துபோகும் ஒவ்வொரு மாணவனும் அங்கே ஒரு நிமிடம் நிற்பான். ஒரு குடுவைக்கும் ஒரு தாங்கிக்கும் ஆகும் செலவில் இதைவிடப் பெரிய பலன் இந்தக் கட்டடத்தில் வேறெதற்கும் கிடைக்காது. குடுவையை மூடி, அதிலிருந்து கிளம்பும் வாயுவை இன்னொரு குழாயால் வெளியே கொண்டுபோக வேண்டும். ஏன் என்பது அடுத்த பதிலில்.

இன்னொன்று: சத்தம். பம்ப், குளிரூட்டும் இயந்திரம், கழுவும் தண்ணீர் எல்லாம் கடினமான சுவர்களில் மோதித் திரும்பும்போது ஆசிரியர் பேசுவது கேட்காது. வகுப்பறைக்கும் ஆலைக்கும் நடுவே இரட்டைக் கண்ணாடி போடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு அவ்வளவு ஆபத்தானதா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2,000 லிட்டர் பீர் நொதிக்கும்போது 70 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அது ஏறக்குறைய 40 கன மீட்டர். நான்குக்கு நான்கு மீட்டரில், இரண்டரை மீட்டர் உயரமுள்ள ஓர் அறையை முழுவதும் நிரப்பும் அளவு. ஒரே ஒரு தொட்டியிலிருந்து, சில நாட்களில்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. நிறமோ மணமோ கிடையாது. தாழ்வான இடங்களில் தண்ணீர்போலத் தேங்கும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகளில் பின்பற்றப்படும் வரம்பு 5,000 பங்கு. 40,000 பங்கு, அதாவது 4 சதவீதம், உடனடி உயிராபத்து. மயங்கி விழுந்தவரைத் தூக்கக் குனிபவரும் அங்கேயே விழுவதுதான் இதில் இருக்கும் கொடுமை.

கட்டடம் செய்ய வேண்டியது என்ன? நொதிப்பு நடக்கும் இடத்தை அடித்தளத்தில் வைக்காதீர்கள். நகர மனையில் அடித்தளம் சும்மா கிடப்பதாகத் தோன்றும். அங்கே சைக்கிளை நிறுத்துங்கள், நொதிகலனை வேண்டாம். வாயுக் குழாய்களைக் கூரைக்கு மேல் கொண்டுபோய், ஜன்னல்களிலிருந்தும் காற்று உள்வாங்கும் துளைகளிலிருந்தும் விலக்கி முடியுங்கள். காற்றை வெளியேற்றும் விசிறியின் வாய் தரையை ஒட்டி இருக்கட்டும். இந்த வாயுவை அளக்கும் உணரிகளைத் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். அளவு ஏறினால் விசிறி தானாகவே வேகம் பிடிக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கும் மணியும் கதவுக்கு வெளியிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே நுழையும் முன்தான் அது தெரிய வேண்டும். பீப்பாய்களும் வாயு சிலிண்டர்களும் வைக்கும் குளிர் அறைக்கும் இதே விதி. அங்கேதான் பலர் உணரி வைக்க மறக்கிறார்கள்.

மால்ட் அரைக்கத் தனி அறை அவசியமா?

அவசியம், இரண்டு காரணங்களுக்காக. மால்ட் தூசு காற்றில் மிதக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். அரைவை இயந்திரத்துக்கு முன்னால் காந்தம் வைத்து ஆணி, கம்பித் துண்டுகளைப் பிடிக்க வேண்டும். எல்லா உலோகப் பாகங்களுக்கும் நிலத்தொடர்பு கொடுக்க வேண்டும். மின்சாதனங்கள் தூசு புகாதவையாக இருக்க வேண்டும். இரண்டாவது, அந்தத் தூசில் லாக்டிக் பாக்டீரியாக்களும் காட்டு ஈஸ்டும் இருக்கின்றன. அவை நொதிகலன் பக்கமோ ஈஸ்ட் வளர்க்கும் ஆய்வகத்தின் பக்கமோ வந்தால் பீர் புளித்துப்போகும். வரைபடத்தில் அரைவை அறையும் ஈஸ்ட் ஆய்வகமும் எதிரெதிர் முனைகளில் இருக்கட்டும்.

மணம் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்களே?

சொல்வார்கள். சாறு கொதிக்கும்போது ஒரு மணி நேரத்தில் 5 சதவீதம் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 100 லிட்டர் தண்ணீர், நீராவியாக 170 கன மீட்டர். அதோடு வேகவைத்த தானியத்தின் வாசமும் ஹாப்ஸின் வாசமும் போகும். சிலருக்கு அது பிடிக்கும்; வாரத்துக்கு நான்கு நாள் ஜன்னலுக்குள் வந்தால் பிடித்தவருக்கும் அலுக்கும். புகைபோக்கியை உயர்த்துவது பாதித் தீர்வு. ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கருவியைப் பொருத்தினால் மணமும் பெருமளவு அடங்கும், அந்தச் சூட்டை வெந்நீருக்குப் பயன்படுத்தவும் முடியும். கட்டத் தொடங்கும் முன்பே இதை அக்கம்பக்கத்தாரிடம் விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

கழிவுநீரை நேராகச் சாக்கடையில் விடலாமா?

கூடாது. சிறிய ஆலையில் ஒரு லிட்டர் பீருக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அதில் பெரும்பகுதி கழிவாகப் போகிறது. வீட்டுக் கழிவுநீரைச் சிதைக்க லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை என்றால், பீர் ஆலைக் கழிவுக்கு ஆயிரக்கணக்கில் தேவைப்படும். அதோடு, காஸ்டிக் கொண்டு கழுவிய நேரத்தில் பிஹெச் 12ஐ எட்டும், அமிலம் கொண்டு கழுவிய நேரத்தில் 3க்கு இறங்கும். ஒரு சமநிலைத் தொட்டி கட்டி, ஒரு நாள் கழிவை அதில் சேர்த்துக் கலக்கினால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று பெருமளவு தணித்துவிடும். ஈஸ்ட் வண்டலையும் ஹாப்ஸ் கசடையும் வடிகாலுக்கே விடாமல் தனியாகப் பிடியுங்கள். இந்தத் தொட்டிக்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காதவர்கள் பிறகு வாகன நிறுத்தத்தைத் தோண்டுகிறார்கள்.

அந்தத் தொட்டியின் பிஹெச் அளவை வகுப்பறைத் திரையில் ஓடவிடுங்கள். மாணவர்கள் காய்ச்சுவதை மட்டும் கற்று, கழிவைக் கற்காமல் போகக் கூடாது.

சக்கையை என்ன செய்வது?

சாறு எடுத்தபின் மிஞ்சும் மால்ட்தான் சக்கை. ஒவ்வொரு தடவையும் 400 கிலோ, ஈரமாக, சூடாக. மறுநாளே புளித்து நாறும். கால்நடைத் தீவனமாக அன்றன்றே எடுத்துப்போக ஏற்பாடு வேண்டும். ஊறல் தொட்டியிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை படியே இல்லாத நேர்வழி வேண்டும், அந்த வழி மாணவர்கள் வரும் வாசலைக் குறுக்கிடக் கூடாது.

சுவை பார்க்கும் அறை எப்படி இருக்க வேண்டும்?

உணர்வுச் சோதனை அறைகளுக்கென்றே ஐஎஸ்ஓ 8589 என்ற தரநிலை இருக்கிறது. சாரம் இதுதான்: மணமற்ற, அமைதியான அறை, வெளிர் சாம்பல் அல்லது மங்கிய வெள்ளைச் சுவர், ஒருவர் முகபாவம் மற்றவருக்குத் தெரியாதபடி தடுப்புகள், பீரின் நிறத்தை மறைக்க வண்ண விளக்கு. ஆலைக்குள்ளிருந்து நேராகக் கதவு வைக்காதீர்கள். அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் கதவைத் திறக்கும்போது வெளிமணம் உள்ளே வராது.

மது அருந்தாதவர்களும் வயது வராதவர்களும் இங்கே படிக்கலாமா?

நொதிப்பு, நுண்ணுயிரியல், குளிர்பதனம், நீர் வேதியியல் எல்லாம் ஒரு சொட்டுப் பீர் குடிக்காமலே கற்கக்கூடியவை. வயது வரம்பு அந்தந்த இடத்துச் சட்டத்தைப் பொறுத்தது. கட்டடம் செய்ய வேண்டியது, பரிமாறும் கூடத்துக்குள் நுழையாமலே வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் போகத் தனி வாசலும் தனிப் படிக்கட்டும் தருவது. இதைப் பின்னால் சேர்ப்பது கடினம்.

ஆற்றல் செலவைக் குறைக்க முடியுமா?

ஒரு வழி கட்டாயம்: கொதித்த சாற்றைக் குளிர்விக்கும் தட்டு வெப்பமாற்றியில் குளிர்நீரைச் செலுத்தினால், சாறு 20 டிகிரிக்கு இறங்கும்போது அந்தத் தண்ணீர் 70, 80 டிகிரிக்கு ஏறி வெளிவரும். அதைச் சேமித்துவைத்தால் அடுத்த ஊறலுக்கு வெந்நீர் தயார். அதற்குப் போதுமான பெரிய காப்பிட்ட தொட்டிக்கு இடம் விடுங்கள். குளிரூட்டும் இயந்திரம் வெளியேற்றும் சூட்டையும் குளிர்காலத்தில் வகுப்பறைகளுக்குத் திருப்பலாம். செயற்கைக் குளிர்பதனத்தின் வளர்ச்சியில் பீருக்குப் பெரிய பங்கு உண்டு. 1870களில் ஜெர்மன் பொறியாளர் கார்ல் வான் லிண்டேவின் குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பீர் ஆலைகளே முதல் வாடிக்கையாளர்கள். இதை இயந்திர அறையின் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

பின்னாளில் ஆலையை விரிவுபடுத்த இப்போதே என்ன செய்ய வேண்டும்?

கதவை அளந்து பாருங்கள். தொட்டிகள் லாரியில் படுத்த நிலையில் வரும், உள்ளே கொண்டுபோய் நிமிர்த்த வேண்டும். 4 மீட்டர் உயரமும் 1.4 மீட்டர் விட்டமும் உள்ள தொட்டியை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் 4.24 மீட்டர். கூரை 4.1 மீட்டரில் இருந்தால், நின்றால் பொருந்தும் தொட்டி நிற்கவே முடியாது. இதில் விளக்கு, குழாய், தூக்கும் சங்கிலி எதையும் இன்னும் சேர்க்கவில்லை. எனவே கூரையின் அடிமட்டம் குறைந்தது 5 மீட்டராக இருக்கட்டும். தெருப்பக்கச் சுவரில் ஓர் இடைவெளியைக் கழற்றக்கூடிய பலகங்களால் மூடுங்கள், அதற்குப் பின்னால் தூணோ மின்பெட்டியோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்காலையும், தொட்டிகளைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் கிளைகால் குழாயையும் இன்றைய கடைசித் தொட்டியைத் தாண்டி, இன்னும் இரண்டு தொட்டி தூரத்துக்கு நீட்டி மூடிவையுங்கள்.